தலைப்பிரசவம் சுகப்பிரசவமாக வேண்டும்: முதன்முறை தாயாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் குழந்தையைச் சுமக்கும் பெண்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் பிரசவத்தைப் பற்றி எடுத்துச் சொல்லும் வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். வயிற்றில் ஒரே குழந்தை, தலை கீழ்நோக்கித் திரும்பிய நிலை, 37 வாரம் நிறைந்த, வேறு சிக்கல் இல்லாத கர்ப்பம் ஆகியவற்றை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் அமைந்துள்ளன. உங்களை நேரில் பரிசோதித்து வரும் மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால், அவர் சொல்வதையே முதன்மையாகக் கொள்ளுங்கள்.

சுகப்பிரசவம் என்று எதைச் சொல்கிறோம்?

இந்த ஒரு சொல்லை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துவதில்தான் பல ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. மருத்துவமனைப் பதிவேட்டில் சுகப்பிரசவம் என்று எழுதப்பட்டால், வயிற்றில் அறுவை செய்யாமல் குழந்தை பிறப்புவழியாகப் பிறந்தது என்று மட்டுமே பொருள். வலி வருவதற்கு மருந்து ஏற்றியிருக்கலாம், முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைத்திருக்கலாம், தையலும் போட்டிருக்கலாம். கர்ப்பிணி தன் மனத்தில் வளர்த்து வந்த சித்திரமோ வேறு. தானாக வலி எடுத்து, எந்த மருந்தும் கத்தியும் தீண்டாமல், குழந்தை தன் கைகளுக்கு வந்து சேர வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1930களில் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர் ‘இயற்கைப் பிரசவம்’ என்ற கருத்தைப் பரப்பியபோது அவர் மனத்தில் இருந்ததும் ஏறத்தாழ இதுவே.

ஆகவே, மருத்துவரிடம் பேசும்போது “எனக்குச் சுகப்பிரசவம் வேண்டும்” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். சிசேரியன் இல்லாமல் இருந்தால் போதுமா, வலி மருந்தும் வேண்டாமா, வலி தானாக வரும்வரை காத்திருக்க விரும்புகிறீர்களா என்று பிரித்துச் சொல்லுங்கள். சுகம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் நலம் என்ற பொருளும் உண்டு. ‘சுகமாக இருக்கிறீர்களா’ என்று கேட்கும்போது நாம் விசாரிப்பது நலத்தைத்தான். தாயும் சேயும் நலமாக இருந்து, நடந்த ஒவ்வொன்றும் தாய்க்குச் சொல்லப்பட்டு அவருடைய சம்மதத்துடன் நடந்திருந்தால், அது எந்த வழியில் நடந்திருந்தாலும் அந்தப் பெயருக்குத் தகுதியானது என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்குச் சுகப்பிரசவம் ஆகுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஒரு தனிப்பட்ட பெண்ணைப் பார்த்து ஆகும் அல்லது ஆகாது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பொதுவான வாய்ப்பு நல்லதாகவே இருக்கிறது. சிக்கல் இல்லாத முதல் கர்ப்பம் கொண்ட 6,100க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சிசேரியன் தேவைப்பட்டது. மற்ற நால்வருக்கும் பிறப்புவழியிலேயே குழந்தை பிறந்தது. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், நூற்றில் 21 குழந்தைகள் சிசேரியன் மூலம் பிறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தெரிவித்தது. சிசேரியன் விகிதம் ஒரு மக்கள்தொகையில் 10 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு, தாய்சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று அதே நிறுவனம் 2015இல் கூறியிருக்கிறது. இவை சமுதாயம் முழுமைக்குமான கணக்குகள். அறுவை உண்மையிலேயே தேவைப்படும் ஒரு பெண்ணுக்கு அந்த விழுக்காடு எதையும் சொல்வதில்லை.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் எண் உங்கள் மருத்துவமனையிடம்தான் இருக்கிறது. “தலைப்பிரசவத்துக்கு வந்தவர்களில், மாதம் நிறைந்து, தலை திரும்பிய ஒற்றைக் குழந்தையைச் சுமந்த எத்தனை பேருக்கு இங்கே சிசேரியன் ஆனது?” என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த எண் பெரிதும் மாறும். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

உயரம் குறைவு, இடுப்பு எலும்பு குறுகல், குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறது என்கிறார்கள். இவையெல்லாம் காரணங்களா?

பெரும்பாலும் இல்லை. இடுப்பு எலும்பின் அளவை வலி வரும் முன்பே கணித்து முடிவெடுப்பது நம்பகமான முறையன்று. பிரசவ வலியின்போது இடுப்பு எலும்பின் இணைப்புகள் சற்றே நெகிழ்கின்றன. குழந்தையின் மண்டையோட்டு எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தலையைச் சிறிதாக்கிக்கொள்கின்றன. பிறந்த குழந்தையின் தலை நீண்டு கூம்பியிருப்பதைப் பார்த்துத் தாய் திடுக்கிடுவதுண்டு. அந்தத் தலை அவ்வழியே வருவதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டதன் அடையாளம் அது, சில நாட்களில் சரியாகிவிடும். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருப்பது மிகச் சாதாரணமானது. ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருக்கும்வரை அது தனியாக ஒரு காரணம் ஆகாது.

குறித்துக் கொடுத்த தேதியில் வலி வராவிட்டால் என்ன செய்வது?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாட்கள் என்பது ஒரு கணக்குதான். நூற்றில் ஐந்து குழந்தைகள் மட்டுமே அந்த நாளில் பிறக்கின்றன. தலைச்சன் குழந்தைகள் சில நாட்கள் தாமதிப்பது வழக்கம். 41 வாரத்தைத் தாண்டும்போதோ, இரத்த அழுத்தம், நீரிழிவு, குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்ற காரணங்கள் இருக்கும்போதோ மருந்து கொடுத்து வலியை வரவழைக்குமாறு மருத்துவர் சொல்லக்கூடும். வலியை வரவழைத்தால் அது சிசேரியனில்தான் முடியும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு சோதித்துப் பார்த்தது இதைத்தான்: 39ஆவது வாரத்தில் வலியை வரவழைத்த குழுவில் 18.6 விழுக்காட்டினருக்கும், காத்திருந்த குழுவில் 22.2 விழுக்காட்டினருக்கும் சிசேரியன் நடந்தது. எல்லோருக்கும் 39இல் வரவழைக்க வேண்டும் என்பதற்கு இது ஆதாரமாகாது. காரணம் இருந்து அப்படிச் செய்ய நேர்ந்தால், கனவு கலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன். கருப்பை வாய் இளகாத நிலையில் வரவழைக்கும்போது ஒன்றிரண்டு நாட்கள்கூட ஆகலாம் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வந்திருப்பது பொய் வலியா, உண்மையான வலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும். எழுந்து நடந்தாலோ, படுத்தாலோ, தண்ணீர் குடித்தாலோ தணிந்துவிடும். உண்மையான வலி நேரம் செல்லச் செல்ல நெருங்கி வரும், நீண்டு நிற்கும், வலுவடையும். ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரமாக அதே ஒழுங்கில் வந்தால் புறப்படலாம் என்பது முதல் பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. தொலைவில் வசிப்பவர்கள் அதற்கு முன்பே புறப்பட வேண்டும்.

சில அறிகுறிகள் தென்பட்டால் வலியைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உடனே செல்ல வேண்டும். குழந்தையின் அசைவு குறைவது, மாதவிடாயைப்போல இரத்தம் போவது, பனிக்குடம் உடைந்து நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது, கண் மங்கலுடன் கடுமையான தலைவலி, 37 வாரத்துக்கு முன்பே வலி எடுப்பது ஆகியவை அவை. தெளிந்த நீராக இருந்தாலும் பனிக்குடம் உடைந்ததை மருத்துவமனைக்குத் தெரிவித்துவிடுங்கள். மாதம் நிறைந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு வலி வரும் முன்பே குடம் உடைகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளுக்குள் வலி தானாகத் தொடங்கிவிடும்.

தலைப்பிரசவத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரிதாக இருப்பது இந்தக் கேள்வியில்தான் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பிரசவத்தில் கருப்பை வாய் முதலில் மெலிந்து, அதன் பிறகே விரியத் தொடங்குகிறது. அந்தத் தொடக்கக் கட்டம் பல மணி நேரம் நீடிக்கலாம். விட்டு விட்டு ஒன்றிரண்டு நாட்கள்கூட ஆகலாம். வலி இருக்கும், ஆனால் பரிசோதித்தால் இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் என்றே சொல்வார்கள். 1950களில் இமானுவேல் ஃபிரீட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் வரைந்த வரைகோட்டை வைத்து, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்ற அளவுகோல் நெடுங்காலம் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் இதை மாற்றின. வலுவான வலிக் கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கட்டத்துக்கு இவ்வளவு நேரம்தான் என்று வரையறுக்க முடியாது. தலைப்பிரசவத்தில் 5 சென்டிமீட்டரிலிருந்து முழுதாக விரியும்வரை பொதுவாக 12 மணி நேரத்துக்குள் ஆகும். முக்கிப் பெறும் கட்டம் பொதுவாக 3 மணி நேரத்துக்குள் முடியும். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, மணிக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக விரிகிறது என்பதை மட்டும் காரணம் காட்டி மருந்து ஏற்றவோ அறுவை செய்யவோ கூடாது என்றும் அந்தப் பரிந்துரை சொல்கிறது.

என் வகுப்புக்கு வந்த ஒருவர், பிரசவத்துக்குப் பிறகு ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு வலியும் வந்த நேரத்தை அவருடைய கணவர் அதில் குறித்து வைத்திருந்தார். இரவு 10.40 என்று அழகான எழுத்தில் தொடங்கி, பத்து நிமிடம், எட்டு, மீண்டும் பதினான்கு, மறுபடி ஒன்பது என்று ஒரு பக்கம் முழுவதும் ஒழுங்கில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஒரு குறிப்பும் இல்லை, இருவருமே தூங்கிப்போயிருக்கிறார்கள். மறுநாள் மாலைக்குப் பின் எண்கள் நெருங்குகின்றன, எழுத்து கோணலாகிறது, கடைசி வரியில் மணி மட்டும் இருக்கிறது, நிமிடம் எழுதப்படவில்லை. குழந்தை பிறந்தது அந்த இரவில். மருத்துவமனைக்கு முதல் முறை சென்றபோது 2 சென்டிமீட்டர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில் தான் அழுதுவிட்டதாகவும், வீட்டில் தூங்கிய அந்த இரண்டு மணி நேரம்தான் தன்னைக் காப்பாற்றியதாகவும் அவர் சொன்னார். தொடக்க வலியில் முடிந்தவரை உண்ணுங்கள், குடியுங்கள், உறங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மூச்சுப்பயிற்சியால் வலியில்லாமல் பெற்றெடுக்க முடியுமா?

வலியைத் தாங்கும் வலு கூடும். வலி இல்லாமல் போகாது. பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மேலும் பயத்தைத் தருகிறது என்று டிக்-ரீட் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1950களில் பிரான்சில் ஃபெர்னான் லமாஸ் பரப்பிய மூச்சுப்பயிற்சி முறை இன்றுவரை பலருக்கும் துணையாக இருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் குளிப்பது, இடுப்பை அழுத்திப் பிடித்துவிடுவது, வலி வரும்போது எதையாவது பிடித்து முன்னால் சாய்ந்து நிற்பது ஆகியவையும் உதவும். ஆனால், சரியாகப் பயிற்சி செய்தால் வலிக்காது என்று சொல்லிக் கொடுப்பது பெரும் அநியாயம். பிறகு வலி தாங்காமல் அலறும் பெண், தான் சரியாகச் செய்யவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள்.

எபிடியூரல் எனப்படும் முதுகு ஊசியைக் கேட்பது தோல்வியன்று. அதனால் சிசேரியன் கூடுவதில்லை என்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. முக்கும் கட்டம் சற்று நீளலாம், இரத்த அழுத்தம் குறையலாம், காய்ச்சல் வரலாம், எழுந்து நடமாடுவது கடினமாகலாம். இவற்றை அறிந்தே முடிவெடுங்கள். வேண்டாம் என்று முன்பு சொன்னவர் வலியின் நடுவில் மனம் மாறிக் கேட்டால், உடனிருப்பவர் அவருடைய பழைய வார்த்தையை நினைவூட்டித் தடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அந்த வலி அவருடையது.

சுகப்பிரசவத்துக்கான வாய்ப்பைக் கூட்ட நான் செய்யக்கூடியது என்ன?

ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், தொடர்ந்து உடனிருக்கும் ஒரு துணையைச் சொல்வேன். 15,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வுரையில், பிரசவம் முழுவதும் இடைவிடாத ஆதரவு பெற்ற பெண்களுக்குச் சிசேரியனும் வலி மருந்தின் தேவையும் குறைந்திருந்தன. பிரசவ நேரமும் சற்றுக் குறைந்திருந்தது. கணவரோ, தாயோ, தோழியோ, பயிற்சி பெற்ற மகப்பேற்றுத் துணைவரோ, அந்த அறையில் பதறாமல் உட்காரக்கூடியவராக இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனை அதை அனுமதிக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

அடுத்தது, மல்லாந்து படுத்தே இருக்காமல் நடப்பதும், நிற்பதும், மண்டியிடுவதும், ஒருக்களித்துப் படுப்பதும். கர்ப்பகால நடைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் உடலுக்கு நல்லவை, செய்யுங்கள். ஆனால் அவை சுகப்பிரசவத்துக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் அல்ல. தினமும் தவறாமல் பயிற்சி செய்தவருக்குச் சிசேரியன் ஆனதையும், படுத்த படுக்கையாக இருந்தவருக்கு எளிதில் பிறந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

தையல் போடாமல் பெற முடியுமா?

முதல் பிரசவத்தில் அது அரிது. முதன்முறை பிறப்புவழியாகப் பெறும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ கிழிதல் ஏற்படும் என்பது பிரிட்டன் மகப்பேறு மருத்துவக் கல்லூரியின் கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. ஆசனவாய்த் தசைவரை செல்லும் ஆழமான கிழிதல் முதல் பிரசவங்களில் நூற்றுக்கு ஆறு. 35ஆவது வாரத்திலிருந்து பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியை எண்ணெய் தொட்டு நீவி இளக்குவதும், முக்கும் கட்டத்தில் வெதுவெதுப்பான ஈரத் துணியால் அங்கே ஒற்றடம் கொடுப்பதும் பலன் தருகின்றன. முதல் பிரசவம் என்பதற்காகவே எல்லோருக்கும் கத்தியால் வெட்டி வழியை அகலப்படுத்தும் வழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. வயிற்றின் மேற்புறத்தைக் கையால் அழுத்திக் குழந்தையைத் தள்ளுவதையும் அது ஏற்பதில்லை.

சிசேரியன் வேண்டும் என்று சொன்னால் அதை நம்புவதா, மறுப்பதா?

காரணத்தைக் கேளுங்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தாலும், குழந்தை குறுக்காகக் கிடந்தாலும் அறுவைதான் வழி. வலி எடுத்த பிறகு, குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்து மீளாமல் இருப்பது, குழந்தைக்கு முன்பாகத் தொப்புள்கொடி இறங்கிவிடுவது, நல்ல வலி இருந்தும் மணிக்கணக்கில் முன்னேற்றமே இல்லாதது ஆகியவை உண்மையான காரணங்கள். “அம்மா எப்படி இருக்கிறார், குழந்தை எப்படி இருக்கிறது, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் என்ன ஆகும், வேறு வழி உண்டா?” என்று உடனிருப்பவர் அமைதியாகக் கேட்கலாம். விளக்க நேரம் இருந்தால் நல்ல மருத்துவர் விளக்குவார். கொடி இறங்கியது போன்ற நிலையில் நிமிடங்களே உயிர். அப்போது கேள்விகளைப் பிறகு வைத்துக்கொண்டு சம்மதியுங்கள். அதனால்தான் பிரசவத்துக்கு முன்பே நம்பத்தக்க மருத்துவரைத் தேடிக்கொள்ளச் சொல்கிறேன்.

சிசேரியன் ஆகிவிட்டது. எல்லோரும் குழந்தை நலம்தானே என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் அழுகை வருகிறது?

ஏனென்றால் நீங்கள் ஒன்றை இழந்திருக்கிறீர்கள். பத்து மாதம் மனத்தில் நடத்திப் பார்த்த ஒரு நாள் வேறு விதமாக முடிந்திருக்கிறது. குழந்தை நலமாக இருப்பதில் மகிழ்வதும் அந்த நாளுக்காக வருந்துவதும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருக்கலாம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. வீட்டார் “எப்படியோ பிறந்துவிட்டதே” என்று பேச்சை முடித்துவிடாமல், நடந்ததை அவர் சொல்லச் சொல்லக் கேட்க வேண்டும். ஏன் அறுவை தேவைப்பட்டது என்பதை மருத்துவரிடம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கும்.

குழந்தையை நெஞ்சோடு அணைத்துத் தோலோடு தோலாக வைத்திருப்பது சிசேரியனுக்குப் பிறகும் முடியும். தாய்ப்பாலும் வரும், சற்று உதவி மட்டும் கூடுதலாகத் தேவைப்படும். அடுத்த பிரசவமும் கட்டாயம் அறுவைதான் என்பதில்லை. ஒருமுறை சிசேரியன் ஆகி, அடுத்த முறை பிறப்புவழியில் முயலத் தகுதியுள்ள பெண்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வெற்றி பெறுகிறார்கள். பழைய தழும்பு விரிந்துவிடும் ஆபத்து ஏறத்தாழ 200இல் ஒருவருக்கு உண்டு என்பதால், உடனடி அறுவைக்கு வசதியுள்ள இடத்தில்தான் முயல வேண்டும்.

முதல் சில நாட்களின் கண்ணீர் பெரும்பாலோருக்கு வருவதுதான். இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீடித்தாலோ, தூக்கமே வராவிட்டாலோ, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமல் போனாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்த வழியில் பெற்றவருக்கும் இது வரக்கூடும், இதற்குச் சிகிச்சையும் உண்டு.

பிரசவம் முடிந்ததும் உடல் பழைய நிலைக்கு வந்துவிடுமா?

உடனே வராது. இரத்தப்போக்கு நிறம் மாறி மாறிக் குறைந்து நிற்க ஆறு வாரம்வரை ஆகலாம். பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்குவதால் அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும். தும்மினால் சிறுநீர் கசிவது பலருக்கு உண்டு. இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும், சரியாகாவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலும், பெரிய கட்டிகள் வந்தாலும், காய்ச்சல், துர்நாற்றம், கால் ஒன்றில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.